குன்னூர் வீட்டைக் காலி செய்கிறோம்: பழைய சாமான்களை ஆன்லைனில் விற்றால் வரி உண்டா?

வெலிங்டன்_வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். குன்னூரைக் காலி செய்துகொண்டு கோவைக்கு இறங்குகிறோம். அங்கே ஃபிளாட் சின்னது. பாதிச் சாமானை விற்றுத்தான் ஆக வேண்டும். ஓ.எல்.எக்ஸ்., ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், ஊர் வாட்ஸ்ஆப் குரூப் என்று எல்லாவற்றிலும் விளம்பரம் போடப் போகிறோம்.

விற்க இருப்பவை: தேக்கு பீரோ, சாப்பாட்டு மேஜை, ஃப்ரிட்ஜ், இரண்டு ஹீட்டர், கம்பளிகள், ஒரு கேமரா. 2016 மாடல் கார். 3,20,000 வரை கேட்கிறார்கள், முழுவதையும் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார் ஒருவர். அம்மா எனக்குக் கொடுத்த 5 பவுன் வளையல், 1995-ல் வாங்கியது. ஊட்டி ஏரியை வரைந்த இரண்டு பழைய ஓவியங்கள், 1910 என்று தேதி போட்டிருக்கிறது. மாமனார் காலத்து மான் தலை ஒன்று. இவை தவிர என் பெயரில் நடந்த ஹோம்ஸ்டேயை மூடிவிட்டதால் அங்கிருந்த கட்டில், மெத்தை, அலமாரிகள்.

எல்லாம் சேர்த்தால் 8 லட்சம் தாண்டும் போல. இத்தனை பணம் ஜிபே-யில் வந்தால் வருமான வரி நோட்டீஸ் வரும் என்று ஒருவர், எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார்கள். எதற்கு வரி, எதற்கு இல்லை? ஹோம்ஸ்டேக்கு ஜி.எஸ்.டி. பதிவு கிடையாது. இந்த நிதியாண்டில் ஹோம்ஸ்டே லாபமும் வங்கி வட்டியும் சேர்ந்து என் வருமானம் 2,50,000 இருக்கும்.

---

ஊட்டி_கணக்கர் பதில்:

முதலில் மான் தலை விளம்பரத்தை எடுத்துவிடுங்கள் மேடம். இன்றே எடுத்துவிடுங்கள். வரியெல்லாம் பிறகு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி அதை விற்பது குற்றம். வனத்துறை தந்த உரிமைச் சான்றிதழ் இருந்தாலும் விற்க முடியாது. வாரிசுக்குப் போகலாம், விலைக்குப் போகக்கூடாது. யானைத் தந்தம், புலித்தோல், மான் கொம்பு எல்லாவற்றுக்கும் இதுதான் சட்டம். நீலகிரியில் பழைய பங்களா சாமான் விற்கிறவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. சான்றிதழ் இருந்து, வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால் 2022 திருத்தத்தின்படி வனத்துறையிடம் ஒப்படைக்கலாம், பணம் எதுவும் கிடைக்காது. சான்றிதழே இல்லையென்றால் வக்கீல் ஒருவரிடம் பேசிவிட்டு மாவட்ட வன அலுவலர் (டி.எஃப்.ஓ.) அலுவலகத்துக்குப் போங்கள்.

இனி வரி. விற்ற தளம் எது, மொத்தம் எத்தனை லட்சம் என்பதை வைத்து வரி வருவதில்லை. அந்தப் பொருள் உங்கள் கையில் என்னவாக இருந்தது என்பதுதான் கேள்வி.

நீங்களோ உங்களைச் சார்ந்த குடும்பத்தாரோ சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த அசையும் பொருளைச் சட்டம் மூலதனச் சொத்தாகவே (விற்ற லாபத்துக்கு வரி வரும் சொத்தாக) எண்ணுவதில்லை. பீரோ, மேஜை, ஃப்ரிட்ஜ், ஹீட்டர், கம்பளி, கேமரா, சொந்தக் கார் எல்லாம் இதில் அடங்கும். விற்ற பணத்துக்கு வரி இல்லை. அந்தத் தேக்கு பீரோ வாங்கிய விலையைவிடக் கூடுதலாகப் போனாலும் வரி இல்லை. கார் 5 லட்சம் நஷ்டத்தில் போனால் அந்த நஷ்டத்தை எங்கும் கழிக்கவும் முடியாது. வருமான வரி ரிட்டர்னில் (ஐ.டி.ஆர்.) காட்ட வேண்டிய வருமானமும் இது இல்லை.

நகை, ஓவியம், கோட்டோவியம், சிற்பம், வேறு கலைப்பொருள், தொல்பொருள் சேகரிப்பு ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. தினமும் கையில் போட்டிருந்த வளையலானாலும் சரி, கூடத்தில் 50 வருடம் மாட்டியிருந்த ஓவியமானாலும் சரி, லாபத்துக்கு வரி உண்டு.

'சொந்த உபயோகம்' என்பதை வாயால் சொன்னால் போதாது. ஹேமந்த் சிங்ஜி வழக்கில் (1976) உச்ச நீதிமன்றம், பூஜையில் வைத்த தங்கக் காசும் வெள்ளிப் பாளமும் சொந்த உபயோகப் பொருள் ஆகாது என்றது. உடையவரோடு ஒட்டி, வழக்கமாகப் பயன்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். 1931 மாடல் ஃபோர்டு கார் ஒன்றைப் பற்றி மும்பை உயர் நீதிமன்றம் 2025-ல் சொன்னதும் அதேதான்: ஓட்டக்கூடிய கார் என்பது போதாது, உண்மையில் ஓட்டியதற்கு ஆதாரம் வேண்டும். ஊட்டி, குன்னூரில் ஷெட்டில் பழங்காலக் கார் மூடி வைத்திருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். உங்கள் 2016 காருக்கு இன்சூரன்ஸ், சர்வீஸ் பில், பெட்ரோல் செலவு எல்லாம் இருக்குமே, கவலையில்லை.

---

அருவங்காடு_செல்வி பதில்:

கணக்கர் சார் சொன்னது சரி. நான் கார், ரொக்கம், ஜி.எஸ்.டி. மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

18 சதவீதம் என்று பயமுறுத்தியவர் 2024 டிசம்பர் ஜி.எஸ்.டி. கவுன்சில் செய்தியைப் பாதி படித்திருக்கிறார். அது பதிவு பெற்ற பழைய கார் வியாபாரிக்கு, அதுவும் அவர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும். வியாபாரம் என்ற முறையில் நடக்காத விற்பனை ஜி.எஸ்.டி.க்குள் வராது. வீட்டுச் சாமான் விற்கும் குடும்பம் வியாபாரி ஆகாது அக்கா. பழைய நகையைக் கடையில் தனிநபர் விற்றாலும் ஜி.எஸ்.டி. இல்லை, 2017 ஜூலையிலேயே நிதி அமைச்சகம் விளக்கம் கொடுத்துவிட்டது.

காருக்கு 3,20,000 ரொக்கமாக வாங்கவே வாங்காதீர்கள். ஒரே ஆளிடம் ஒரே நாளில், அல்லது ஒரே பரிவர்த்தனைக்கு, 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. இன்று 1,60,000, அடுத்த வாரம் 1,60,000 என்று பிரித்தாலும் தப்பாது, ஏனென்றால் கார் ஒன்று, பரிவர்த்தனையும் ஒன்று. அபராதம் எவ்வளவு தெரியுமா? வாங்கிய தொகை முழுவதும். அதுவும் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கிய உங்களுக்கு. காருக்கு வரியே கிடையாது, ஆனால் பணத்தை வாங்கிய விதத்தால் காரின் விலையையே இழக்கலாம். ஆர்.டி.ஜி.எஸ்., ஐ.எம்.பி.எஸ்., அக்கவுன்ட் பேயி காசோலை, இவற்றில் ஒன்றாக வாங்குங்கள். காசோலை என்றால் பணம் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள்.

வாங்குகிறவர் கேரளாவோ கர்நாடகாவோ என்றால் ஊட்டி ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் ஆட்சேபணையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 எப்படியும் வேண்டும். கடன் முடிந்த கார் என்றால் ஆர்.சி.யில் வங்கிப் பெயர் நீங்கியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் படிவம் 35. பெயர் மாறாமல் வண்டி மலை இறங்கிவிட்டால் பிறகு வரும் இ-செலான் எல்லாம் உங்கள் மொபைலுக்குத்தான் வரும்.

ஒவ்வொரு பொருளுக்கும் விளம்பர ஸ்கிரீன்ஷாட், வாங்கியவரோடு பேசிய சாட், யு.பி.ஐ. எண் மூன்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். 20,000-க்கு மேல் போகும் பொருளுக்கு அரைப் பக்கத்தில் கைச்சீட்டு எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: என்ன பொருள், எப்போது வாங்கியது, வீட்டு உபயோகத்தில் இருந்தது, இன்ன தேதி இன்ன தொகை. நோட்டீஸ் வந்தால் காப்பாற்றுவது இந்தத் தாள்தான். விளக்கம் சொல்ல முடியாத வரவு என்று அதிகாரி முடிவு செய்துவிட்டால் வருமான அடுக்கைப் பொறுத்த வழக்கமான ஸ்லாப் வரியோடு விடமாட்டார்கள். ஜிபே குறிப்பில் 'பழைய ஃப்ரிட்ஜ்' என்று வாங்குகிறவரையே எழுதச் சொல்லுங்கள்.

லாரியில் ஏற்றி மேட்டுப்பாளையம் இறக்கும்போது இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு) கேட்பார்களோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. உபயோகித்த வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் விதியிலேயே விலக்கு இருக்கிறது. சாமான் பட்டியலில் கையெழுத்துப் போட்டு டிரைவரிடம் கொடுத்தால் போதும்.

---

வெலிங்டன்_வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. மான் தலை விளம்பரத்தை எடுத்துவிட்டேன். சான்றிதழ் பழைய ஃபைலில் இருக்கிறதா தேடுகிறோம். வளையலுக்கும் ஹோம்ஸ்டே சாமானுக்கும் எவ்வளவு வரி வரும் என்று கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா சார்? வளையல் 40 கிராம், 3,60,000 வரை கிடைக்கலாம். வாங்கிய பில் இல்லை. ஹோம்ஸ்டே கணக்கில் மரச்சாமான்களின் மதிப்பு 70,000 நிற்கிறது. எல்லாவற்றையும் 45,000-க்கு ஒருவர் மொத்தமாகக் கேட்கிறார்.

---

ஊட்டி_கணக்கர்:

போட்டுவிடலாம்.

வளையல் அம்மா கொடுத்தது என்பதால் அம்மா வாங்கிய விலைதான் உங்கள் அசல், அவர் வைத்திருந்த காலமும் உங்கள் காலத்தோடு சேரும். நகைக்கு 24 மாதம் தாண்டினால் நீண்டகால லாபம். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்பதால், அசல் விலைக்குப் பதில் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். பில் தொலைந்ததால் நஷ்டமில்லை. அந்த மதிப்புக்குப் பதிவு பெற்ற நகை மதிப்பீட்டாளரிடம் எடை, தரம் குறிப்பிட்டு அறிக்கை வாங்குங்கள். இதை நகையை விற்பதற்கு முன் செய்ய வேண்டும். உருக்கிய பிறகு மதிப்பீட்டாளர் எதைப் பார்ப்பார்?

மதிப்பு 16,000 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 3,60,000-ல் அது போக லாபம் 3,44,000. 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்கும் நகைக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் இல்லை, வரி நேராக 12.5 சதவீதம். அது 43,000. அதன் மேல் 4 சதவீத செஸ் 1,720. மொத்தம் 44,720.

ஆனால் நீங்கள் இவ்வளவு கட்ட வேண்டியதில்லை.

ஹோம்ஸ்டே மரச்சாமான் சொந்த உபயோகப் பொருள் இல்லை, தொழில் சொத்து. தேய்மானம் கழித்த பிறகு நிற்கும் 70,000-தான் அதன் அசல். ஒரே தேய்மான விகிதமுள்ள பொருள்களெல்லாம் ஒரு தொகுப்பு: மரச்சாமான் 10 சதவீதத் தொகுப்பு, டி.வி., கெய்சர் மாதிரியானவை 15 சதவீதத் தொகுப்பு. ஒரு தொகுப்பில் ஒரு பொருள் மீதியிருந்தாலும் விற்ற பணத்தைத் தொகுப்பு மதிப்பில் கழித்துவிட்டு மிச்சத்துக்குத் தேய்மானம் தொடரும், நஷ்டம் என்று எதுவும் பிறக்காது. அந்தத் தொகுப்பில் ஒரு நாற்காலிகூட மிஞ்சாமல் எல்லாவற்றையும் நிதியாண்டு முடிவதற்குள் விற்றுத் தீர்த்தால் 70,000-க்கும் 45,000-க்கும் இடையிலுள்ள 25,000 குறுகியகால மூலதன நஷ்டம். குறுகியகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் கழிக்கலாம். ஆகவே வளையல் லாபம் 3,44,000 என்பது 3,19,000 ஆகிறது. ஹோம்ஸ்டே அலமாரி இரண்டை மட்டும் கோவைக்குக் கொண்டுபோவோம் என்று நினைத்திருந்தால் அதை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: 70,000 தொகுப்பு 90,000-க்குப் போயிருந்தால் 20,000 குறுகியகால லாபம், எத்தனை வருடம் வைத்திருந்தாலும் ஸ்லாப் வரி.

அடுத்தது அடிப்படை விலக்கு, அதாவது வரியே இல்லாத முதல் தொகை. புதிய வரி முறையில் 4 லட்சம். உங்கள் மற்ற வருமானம் 2,50,000 என்பதால் 1,50,000 மிச்சம். இந்தியாவில் வசிப்பவர் இந்த மிச்சத்தை நகை லாபத்தில் கழிக்கலாம். 3,19,000-ல் 1,50,000 போனால் 1,69,000. அதற்கு 12.5 சதவீதம் 21,125, செஸ் 845, ஆக 21,970. '12 லட்சம் வரை வரி இல்லையே' என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அந்தத் தள்ளுபடி 12.5 சதவீதம் மாதிரியான தனி விகித வருமானத்துக்குப் பொருந்தாது. நம்பிவிடாதீர்கள்.

ஓவியங்களுக்கும் இதே கணக்குத்தான், 2001 மதிப்பு, 12.5 சதவீதம். ஆனால் 100 வருடம் தாண்டியதால் அவை தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் (1972) வரும். ஓவியம், சிற்பம் போன்றவற்றைத் தொல்லியல் துறையின் பதிவு அதிகாரியிடம் பதிவு செய்து, கை மாறும்போதும் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. லண்டனிலிருந்து கூடுதல் விலை கேட்டு மெசேஜ் வந்தாலும் கூரியர் போட்டுவிடாதீர்கள்.

பழைய வளையலைக் கொடுத்துப் புது நெக்லஸ் எடுத்தால் பணமே கைக்கு வரவில்லை, வரி எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. பண்டமாற்றும் கைமாற்றம்தான். பழைய நகைக்குக் கடைக்காரர் போட்ட விலையே உங்கள் விற்பனை விலை.

மொத்த வரி 10,000 தாண்டுவதால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். தொழில் வருமானம் இருப்பதால் 60 வயது தாண்டியவருக்கான விலக்கும் உங்களுக்கு இல்லை. நகையை விற்ற பிறகு வரும் முன்கூட்டிய வரித் தவணையிலேயே கட்டிவிடுங்கள், மார்ச் 15-க்குப் பிறகு விற்றால் மார்ச் 31-க்குள். படிவம் ஐ.டி.ஆர்.-3. வழக்கமாக ஐ.டி.ஆர்.-4 போடுகிறவர்கள் நகை விற்ற வருடமும் அதையே போட்டுவிட்டுக் குறைபாடுள்ள ரிட்டர்ன் நோட்டீஸ் வாங்குகிறார்கள். வரவில் ஒரு பங்கை லாபமாகக் கொள்ளும் அனுமான முறையில் லாபம் காட்டியிருந்தாலும் தேய்மானம் கழித்ததாகவே சட்டம் கொள்ளும் என்பதால், அந்த 70,000 ஒவ்வொரு வருடமும் குறைத்து வந்த தொகைதானா, வாங்கிய விலையா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். என் கணக்கு முழுவதும் அதன் மேல் நிற்கிறது.

கோவை ஃபிளாட் உங்கள் பெயரிலா? நகை விற்பதற்கு 1 வருடம் முன்னோ 2 வருடம் பின்னோ வாங்கியிருந்து, விற்ற அன்று அது தவிர ஒரு வீட்டுக்கு மேல் உங்கள் பெயரில் இல்லையென்றால், நகைப் பணம் முழுவதையும் அதில் போட்டதாகக் காட்டி இந்த வரியையும் தவிர்க்க வழி உண்டு. பாதிப் பணம் போட்டால் பாதி விலக்கு. கணவர் பெயரில் மட்டும் என்றால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருடப் புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் மாறிவிட்டதால்தான் நான் எண்களைச் சொல்லவில்லை. சொந்த உபயோகப் பொருள் விலக்கும் நகை, ஓவிய விதிவிலக்கும் அதிலும் இருக்கின்றன.

---

கூடலூர்_மரச்சாமான்:

இதே திரியில் கேட்டுவிடுகிறேன் அண்ணா. எஸ்டேட் பங்களாக்கள் காலியாகும்போது நாற்காலி, பீரோ வாங்கி, பாலிஷ் போட்டு, ஃபேஸ்புக்கில் விற்கிறேன். பாதிப் பேர் வயநாட்டுக்காரர்கள், சுல்தான் பத்தேரிக்கு வண்டியில் ஏற்றிவிடுவேன். வருடம் 12, 13 லட்சம் விற்பனை. 40 லட்சத்துக்குக் கீழே என்பதால் ஜி.எஸ்.டி. வேண்டாம் என்கிறார்கள். சரியா?

---

அருவங்காடு_செல்வி:

சரியில்லை தம்பி. 40 லட்சம் வரம்பு தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்பவருக்கு. வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரி முதல் ரூபாயிலிருந்தே பதிவு செய்ய வேண்டும். நாடுகாணி தாண்டினால் கேரளா, கக்கநல்லா தாண்டினால் கர்நாடகா. கூடலூர், பந்தலூர் வியாபாரிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எல்லையை விட்டுத் தள்ளியிருக்கும் வியாபாரிக்கு எளிதில் வராத சிக்கல் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விற்பனையில் சிறு சதவீதம் மட்டும் கட்டும் காம்போசிஷன் திட்டமும் வெளிமாநில விற்பனைக்குக் கிடையாது.

ஆனால் பதிவு செய்தால் முழு விலைக்கும் 18 சதவீதம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். பழைய பொருள் வியாபாரிக்கு வித்தியாசத்தின் மேல் வரி கட்டும் முறை உண்டு, மத்திய ஜி.எஸ்.டி. (சி.ஜி.எஸ்.டி.) விதி 32(5). 12,000-க்கு வாங்கிய பீரோவை 20,000-க்கு விற்றால் 8,000-க்கு மட்டும் வரி, 18 சதவீதம் என்றால் 1,440. நஷ்டத்தில் போனால் வரி பூஜ்யம். நிபந்தனை இரண்டு: வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை (உள்ளீட்டு வரி) கழித்துக்கொள்ளக்கூடாது, பொருளின் தன்மை மாறக்கூடாது. பாலிஷ், கீல் மாற்றுவது, கால் ஒட்டுவது இதற்குள் அடங்கும். பழைய கதவை அறுத்து மேஜை செய்தால் அது புதுப் பொருள், முழு விலைக்கும் வரி. பாலிஷ் கூலி 1,500 ஆனாலும் 8,000-லிருந்து அதைக் கழிக்க முடியாது. விலை வைக்கும்போதே இதைச் சேர்த்துவிடுங்கள்.

வாங்கும் பக்கத்துக் காகிதம்தான் உயிர். 12,000-க்கு வாங்கியதற்கு ஆதாரம் இல்லையென்றால் வித்தியாசம் எப்படிக் காட்டுவீர்கள்? பங்களாக்காரரிடம் பெயர், முகவரி, பொருள், விலை எழுதிக் கையெழுத்து வாங்கி, பணத்தை யு.பி.ஐ.யில் கொடுங்கள். வெளிமாநிலத்துக்கு 50,000-க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் உண்டு. மேலே வீட்டுச் சாமானுக்குச் சொன்ன விலக்கு வியாபாரச் சரக்குக்கு இல்லை.

வருமான வரியில் இது தொழில் வருமானம். வங்கி வழி வந்ததில் குறைந்தது 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபமாகக் காட்டும் அனுமான முறை உங்களுக்குக் கிடைக்கும், உண்மை லாபம் அதைவிடக் கூடுதல் என்றால் கூடுதலைத்தான் காட்ட வேண்டும். பணத்தைத் தானே வசூலித்துக் கொடுக்கும் பெரிய தளங்களில் விற்றால் வருடம் 5 லட்சத்துக்கு மேல் 0.1 சதவீதம் வருமான வரியாகப் பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டால் 5 சதவீதம். பிடித்தது வருமான வரித் தளத்தில் உங்கள் வரிப்பிடித்த அறிக்கையில் வந்திருக்கிறதா பார்த்து ரிட்டர்னில் திரும்பக் கேளுங்கள்.

---

வெலிங்டன்_வாசி:

செல்வி, ஹோம்ஸ்டே சாமானை 45,000-க்கு மொத்தமாகக் கேட்டவர் கூடலூர் வியாபாரிதான். அவர் ஜி.எஸ்.டி. பில் கேட்டால் நான் என்ன கொடுப்பது?

---

அருவங்காடு_செல்வி:

பதிவு இல்லாத நீங்கள் ஜி.எஸ்.டி. பில் கொடுக்கவே கூடாது அக்கா, வரி என்று ஒரு பைசாகூட வசூலிக்கவும் கூடாது. சாதாரண ரசீது போதும். கட்டில் இத்தனை, மெத்தை இத்தனை, அலமாரி இத்தனை என்று தனித்தனி விலையோடு எழுதுங்கள். அவருக்கு ஒவ்வொரு பொருளுக்கும் வித்தியாசம் காட்ட அது வேண்டும். உங்களுக்கும் தொகுப்பு முழுதாகக் காலியானதற்கு அதுவே சான்று. தேதி மார்ச் 31-க்குள் இருக்கட்டும், சாமானும் அதற்குள் வீட்டை விட்டுப் போயிருக்கட்டும்.